பதினாலாவது கோடு

அந்தப் படகுக் கொட்டகையில் யாருக்கும் பெயர் கிடையாது. படகில் உட்காரும் இடம்தான் பெயர். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு; கரையில் காத்திருக்கும் மாற்றாள் அஞ்சு. ஒருத்தி விலகிப் போனால் அடுத்தவள் வந்து அவளுடைய இடத்தையும் எண்ணையும் சேர்த்தே எடுத்துக்கொள்வாள். "மூணு, தோளை எறக்கு!" என்று கோச் கரையில் நின்று கத்தினால், அன்றைக்கு அங்கே எவள் உட்கார்ந்திருக்கிறாளோ அவள் இறக்குவாள். யாருக்கும் இதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை, தசைப்பிடிப்புக்கும் மூட்டு வலிக்கும் சிகிச்சை தருகிற பிசியோவைத் தவிர. மூணு என்று யார் கூப்பிட்டாலும் மூன்று வருஷத்துக்கு முந்தைய மூணுதான் அவள் கண்முன் திரும்பிப் பார்ப்பாள்.

திங்கட்கிழமை காலையில் கோச் சிகிச்சை அறைக்கு வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"டாக்டரம்மா" என்றார். அவள் டாக்டர் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அப்படிக் கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று பொருள். "மூணுக்கு முதுகு வலியாம். பெட்டியில ரெண்டுதான் தொடுறா. ஞாயித்துக்கிழமை தேர்வுப் போட்டி. எட்டு வேணும்."

"எந்த மூணு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் பிசியோ.

"எந்த மூணா? நான் என்ன டஜன் கணக்குலயா வெச்சிருக்கேன்? நம்ம வாலுதான்."

வாலு என்றால் பழைய மூணின் தங்கை. பதினேழு வயது. அக்காவின் இடத்தில், அக்காவின் எண்ணோடு, போன மாதம்தான் படகில் ஏறியிருந்தாள். கோச்சுக்கு அதில் ஒரு பெருமை. பிசியோவுக்கு அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலையும் புரியாது வாலும் புரியாது. முழங்கால் உயரத்தில் ஒரு மரப்பெட்டி. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் அதில் பதித்து, முட்டி மடங்காமல் குனிந்து, பெட்டி மேல் உள்ள அளவுகோலில் ஒரு தகரத் துண்டை விரல் நுனியால் தள்ள வேண்டும். பாதம் படும் இடம் பூஜ்யம். அதைத் தாண்டி எத்தனை கோடு தள்ளுகிறாளோ அத்தனை மார்க்கு. எட்டைத் தொடாதவள் பயிற்சிக்கு ஏறலாம், போட்டிக்கு ஏறக்கூடாது.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே பிசியோதான். தொடையின் பின்பக்கத் தசை, ஹாம்ஸ்ட்ரிங் என்கிறார்களே, அது இறுகிக் கிடந்தால் துடுப்பை எட்டிப் போடும்போது இடுப்பு முன்னால் சாயாது. இடுப்பு சாய மறுத்தால் அந்த வேலையைக் கீழ் முதுகு தலையில் போட்டுக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அப்படி வளைந்தால் முதுகு என்னத்துக்கு ஆகும்? ஆகவே தசையைத் தளர்த்து, இடுப்பை விடுவி, முதுகு பிழைத்துக்கொள்ளும். பேச்சில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் ஒளிந்திருந்தது. வருகிறேன் அதற்கு.

பழைய மூணும் முதுகு வலி என்றுதான் வந்தாள். பத்தொன்பது வயது, கழுத்து வரைக்கும் சிரிப்பு, சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. பிசியோ ஒத்தடம் கொடுத்தாள், அழுத்திவிட்டாள், காலைத் தோளில் வாங்கி "தள்ளு, தள்ளு, இப்ப விடு" என்று எதிர்க்கவைத்து நீட்டினாள். பெட்டியில் ரெண்டு அஞ்சாயிற்று. அஞ்சு ஒன்பதாயிற்று. ஒரு நாள் தகரம் டக்கென்று பதினாலில் போய் நின்றது. அந்தக் கொட்டகையில் அதுவரை யாரும் தொடாத கோடு. பிசியோ எழுந்து நின்று கைதட்டினாள். சத்தம் கேட்டு மற்றவர்களும் ஓடிவந்து தட்டினார்கள். பிள்ளை முகம் சிவந்துபோய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

சரியாக மூன்று வாரம். ஆற்றின் நடுவில் துடுப்பைப் போட்டவள் போட்டபடியே நின்றுவிட்டாள். இடது கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றாளாம். படகிலிருந்து நாலு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவிலுள்ள வட்டு, டிஸ்க் என்கிறார்களே, அது பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது.

ஒருத்தரும் பிசியோவைக் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் எவ்வளவோ பண்ணீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அதன் பிறகு அந்தப் பிள்ளை படகில் ஏறவில்லை. இப்போது கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை. உட்கார்ந்தால் வலிக்கும் என்பதால் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலையாகப் பார்த்துத் தேடிக்கொண்டாள். பிசியோவின் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில்தான் கடை. மூன்று வருஷமாக, ஒரு நாளைக்கு நாலு தடவை, பிசியோ எதிர்ச்சாரியில் நடந்து போனாள். அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை.

செத்தவர்கள் பேயாக வருவதைக் கேட்டிருக்கிறோம். உயிரோடு, அடுத்த தெருவில், இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிற ஒருத்தி வந்தால் அதற்கு என்ன பெயர்? அவள் வந்தாள். சிகிச்சை மேஜையின் கிழிந்த ரெக்சினைத் துடைக்கும்போது வந்தாள். ஒத்தடப் பையிலிருந்து ஆவி வரும்போது வந்தாள். எவள் கால் தோளில் ஏறினாலும் அவள் காலாகவே கனத்தது. நான் எதைப் பார்க்காமல் விட்டேன் என்று பிசியோ மூன்று வருஷம் தன்னைத்தானே கேட்டு மாய்ந்தாள். பதில் வரவில்லை. கடைசியில், அந்தப் பிள்ளைக்கு நேரம் சரியில்லை என்று பூசி மெழுகிவிட்டு எப்படியோ தூங்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

இப்போது தங்கைக்காரி வந்து அதே மேஜையில் குப்புறப் படுத்தாள்.

"எங்க வலிக்குதும்மா?"

"இங்கதான் மேடம். பெல்ட் போடுற எடத்துல. காலைல எந்திரிக்கும்போது பலகை மாதிரி இருக்கு."

அதே இடம். பிசியோ தொடையின் பின்பக்கம் கைவைத்தாள். கைக்குத் தனியாக ஒரு ஞாபகம் உண்டு போலிருக்கிறது. அதே இறுக்கம், அதே முடிச்சு, உட்காரும் எலும்பிலிருந்து நாலு விரற்கடை கீழே. எடுத்த கையைத் திரும்ப வைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அக்கா நல்லா இருக்கா மேடம்" என்றாள் வாலு, யாரும் கேட்காமலே.

"ம்" என்றாள் பிசியோ.

இந்தத் தடவை விடக்கூடாது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள். இந்த முதுகு மட்டும் உடைந்தால் அப்புறம் நான் எவர் மேலும் கைவைப்பதில்லை. அக்காவுக்குச் செய்ததைவிடப் பதமாகச் செய்தாள். இரட்டை ஒத்தடம், அரை மணி நேரம் அழுத்தல், நீட்டல். முடித்துப் பெட்டியில் உட்காரவைத்து, தான் வழக்கம்போல எதிரில் குட்டை ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அளவுகோலைப் பார்த்தாள். ரெண்டு. துணியால் தகரத்தைப் பூஜ்யத்துக்குத் தள்ளிவைத்தாள். எப்போதும் தள்ளிவைத்துவிட்டுத்தான் வெளியே போவாள். பல் தேய்ப்பது போல அது ஒரு பழக்கம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அறையில் ஆள் இல்லை. ஜன்னல் திரை அசையவில்லை. தகரம் பதினாலில் நின்றது.

பையைக்கூடக் கழற்றாமல் பெட்டியருகே குந்தினாள். நான்தான் தள்ளாமல் போனேனோ? இல்லை, தள்ளினேன், துணி கூட அங்கேயே கிடக்கிறது. பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள், தேவையே இல்லாமல். பதினாலு. தானே போட்ட இரட்டை அடிக்கோடு.

அன்று சாயங்காலம் வாலு அஞ்சு தொட்டாள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எது தானாக நகர்ந்தாலும் அதற்கு ஒரு திருகாணி காரணம் என்று நம்புகிறவர்.

"பூனையா இருக்கும்."

"பூனை சரியா பதினாலு வரைக்கும் தள்ளுமா?"

"படிச்ச பூனையா இருக்கும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஏய், என்ன இப்படி வெளுத்துப் போயிட்ட? அந்தப் பொண்ண நெனச்சிட்டியா? ஒரு தடவ நேர்ல போய்ப் பேசிட்டு வந்துடேன். மூணு வருஷமா நானும் சொல்றேன்."

"என்னன்னு பேச?"

அவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

அன்று அவள் அரக்கப் பரக்கத் திரும்பினாள். எதிர்ச்சாரியில், தலை குனிந்து, ஓட்டமும் நடையுமாக. அறைக்கதவு சாத்தியிருந்தது. திறந்தாள். தகரம் பதினாலில் நின்றது. அதுமட்டும் இல்லை. பெட்டியின் பலகையில் இரண்டு ஈரப் பாதங்கள் பதிந்திருந்தன. குதிகால், பாதத்தின் ஓரம், அஞ்சு அஞ்சு விரல். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் ஒவ்வொன்றாக உலர்ந்து மறைந்தன. பிசியோ அப்படியே மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னம்மா வேணும் உனக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். வெளியே யாரோ துடுப்புகளைச் சுவரில் சாத்தும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் வாலு ஒன்பது தொட்டாள். ரெண்டு, அஞ்சு, ஒன்பது. அக்கா போன அதே படிக்கட்டு, ஒரு படி பிசகாமல். ஆனால் அக்காவுக்கு அஞ்சு வாரம் எடுத்தது மூன்றே நாளில் நடந்திருக்கிறது. கோச் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அடி சக்கை! டாக்டரம்மான்னா டாக்டரம்மாதான்" என்று உச்சி குளிர்ந்து போனார். எட்டைத் தாண்டியாயிற்று, இனி என்ன? பிசியோவுக்கும் சிரிப்பு வந்தது; பாதியிலேயே அது உதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்று நாளில் எந்தத் தசை இப்படி இளகும்? வெண்ணெயா அது? மேஜையில் கைவைத்தபோது முடிச்சு அப்படியே இருந்ததே.

வியாழக்கிழமை அவள் சாப்பிடப் போகவில்லை. போகிறவள் போலப் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய், பின்பக்க ஜன்னலுக்கு வெளியே நின்றாள். காய்ந்த பாசி ஒட்டிய கயிறுகளும் படகிலிருந்து கழற்றிய உடைந்த சறுக்கு இருக்கை ஒன்றும் கிடந்த இடம். வெயில் பிடரியில் அறைந்தது. பேயைப் பார்க்க மத்தியானம் ஒரு மணிக்குக் காத்துக்கொண்டு நிற்கிற பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று தன்னையே வைதுகொண்டாள்.

கதவு திறந்தது. அவள் வந்தாள்.

ஈரச் சட்டை, முடியை உருட்டிக் கட்டிய கொண்டை, ஒல்லி முதுகு. பழைய மூணு. சத்தியமாகப் பழைய மூணுதான். அந்த உருவம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, ஈரப் பாதங்களைப் பெட்டியில் வைத்து, ஒரு மூச்சு முழுக்க வெளியே விட்டுவிட்டுக் குனிந்தது.

அப்போதுதான் பிசியோ பார்த்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. அவள் எப்போதும் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணைப் பார்க்கிறவள். பின்னால் நின்று முதுகைப் பார்த்ததே கிடையாது. இடுப்பு அசையவில்லை. நட்டுவைத்த கல் மாதிரி நின்றது. அதற்கு மேலே, பெல்ட் போடும் இடத்தில், முதுகு மட்டும் வாளிப்பிடி போல் மடிந்தது. எலும்புக் கணுக்கள் இரண்டு ஈரச் சட்டைக்குள் பிளந்து விலகுவது தெரிந்தது. முகம் முட்டியில் அமுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சின்ன "ம்". டக். பதினாலு.

அந்த "ம்" அவளுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். முயற்சியின் சத்தம் என்று நினைத்தாள். சபாஷ் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள், பாவி.

எப்படிச் சுற்றிக்கொண்டு ஓடினாளோ தெரியாது. கதவைத் தள்ளித் திறந்ததும் உருவம் துள்ளி எழுந்தது. வாலுதான்.

"மேடம்! நான் சும்மா... ஒரு தடவ பாக்கலாம்னு..."

"ஒக்காரு." ஸ்டூலை இழுத்து அவள் முதுகுக்குப் பின்னால் போட்டாள். "மறுபடி காலை வை. இந்தத் தடவ நான் பின்னால ஒக்காந்துக்கறேன்."

இடுப்பெலும்பின் மேல் இரண்டு கையையும் வைத்துப் பிடித்தாள். "முதுகை மடக்காதே. இந்த எலும்பு சாயட்டும், அது மட்டும். எவ்வளவு வருதோ வரட்டும்."

வாலு குனியப் பார்த்தாள். கைக்குக் கீழே எலும்பு இம்மியும் நகரவில்லை. கைவிரல்கள் கால் கட்டைவிரலுக்கு இந்தப் பக்கமே அந்தரத்தில் நின்றன. பிசியோ எட்டிப் பார்த்தாள். பூஜ்யத்துக்கே இன்னும் நாலு கோடு பாக்கி. ஒன்பதாம், பதினாலாம்! உண்மையான அளவு இதுதான். மிச்சம் அத்தனையும் முதுகிலிருந்து பிடுங்கிக் கொடுத்தது. நோகிற முதுகைக் காக்கத்தான் தசை இறுகிப் பிடித்திருக்கிறது. பிசியோ அந்தப் பிடியை அழுத்தி நசுக்கிக்கொண்டு, எண் ஏறுகிறது என்று குதித்திருக்கிறாள்.

"யாரு சொல்லிக்குடுத்தா உனக்கு, இப்படித் தொட?"

வாலு காலை மடக்கிக் கட்டிக்கொண்டாள். "அக்கா."

"அக்காவா?"

"மூச்ச விட்டுட்டு, மூஞ்சிய முட்டியில பதிச்சுக்கோ, இடுப்ப மறந்துடுன்னா. அவளும் இப்படித்தான் மேடம், நீங்க சாப்பிடப் போற நேரத்துல வந்து பழகுவாளாம். பதினாலு தொட்டதும் நீங்க கைதட்டுனீங்களாமே? அதை எத்தன தடவ சொல்லியிருக்கா தெரியுமா வீட்ல! சாயங்காலம் உங்க முன்னாடி அவள மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துனேன். நானும் கடைசியில பதினாலு தொட்டுக் காட்டணும்னுதான்..." பிசியோவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "ஏன் மேடம் அழறீங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள் பிசியோ. "ஞாயித்துக்கிழமை நீ படகுல ஏறக்கூடாது."

அதற்கு அந்தப் பிள்ளை போட்ட கூச்சலை இங்கே எழுத வேண்டாம். பிசியோ அசையவில்லை. கோச் வந்தார், குதித்தார்.

"ஒம்பது தொட்டவள ஏத்தக்கூடாதா? என்ன டாக்டரம்மா வெளையாடறீங்களா? சட்டம் போட்டது நீங்க!"

"சட்டம் தப்பு. நான் எண்ணை மட்டும் பாத்தேன், முதுகைப் பாக்கல. எவ இடுப்பால குனியறா, எவ முதுகால குனியறான்னு அந்தப் பெட்டிக்குத் தெரியாது. எனக்காவது தெரிஞ்சிருக்கணும்."

"மூணு வருஷமா அந்தப் பெட்டிய நம்பித்தானே ஆள் எடுத்தேன்" என்றார் கோச். கத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று சத்தம் தாழ்ந்துபோனார். "அப்ப பெரியவ..."

"ஆமா."

கோச் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிறவர் போலப் பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். "அஞ்சு ஏறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிசியோ வாலுவை ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்து, அம்மாவுக்குப் போன் போட்டு, நாளைக் காலையே கூட்டிப் போகச் சொன்னாள். பிறகு பெட்டியைத் தூக்கி, அளவுகோல் சுவரைப் பார்க்கும்படி மூலையில் திருப்பி வைத்தாள்.

தங்கை தப்பித்தாள் என்று சொல்லலாம். கதை இதோடு முடிந்திருந்தால் பிசியோவுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இப்போது பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. இனி எந்தச் சாக்கும் செல்லாது.

அஞ்சு மணி வெயிலில் கடைத்தெருவில் அவள் ரோட்டைத் தாண்டினாள். பத்தடி அகலம் இருக்குமா அந்த ரோடு? மருந்துக்கடையில் கண்ணாடிப் பலகைக்கு அப்பால் அவள் நின்றுகொண்டிருந்தாள், கடை உடுப்பு மாட்டிக்கொண்டு, உடம்பின் கனத்தை வலது காலில் போட்டு. கொஞ்சம் பெருத்திருந்தாள். முகம் அதே முகம்.

"மூணு" என்று வந்துவிட்டது பிசியோவின் வாயில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முகம் முழுக்க விளக்குப் போட்டாற்போல் ஆயிற்று. "மேடம்! வாங்க, வாங்க மேடம்! என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தன வருஷமாச்சு! மருந்து ஏதாச்சும் வேணுமா?"

"மருந்தில்லம்மா. உன்னப் பாக்கத்தான்." பிசியோ பலகையருகே நெருங்கி நின்றாள். "முதுகு எப்படி இருக்கு?"

"அது இருக்கு மேடம், அதுபாட்டுக்கு. இடது கால் கட்டைவிரல்தான் இன்னும் தூக்க வரல." பிறகு பலகைக்கு மேல் குனிந்து, ரகசியம் சொல்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா நான் விடல மேடம். நீங்க சொன்னீங்கல்ல, தினமும் நீட்டணும், ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு? வீட்ல ஒரு பெட்டி செஞ்சு வெச்சிருக்கேன். அதே மாதிரி, அளவுகோல்லாம் ஒட்டி. இன்னிக்குக் காலைல பதினாறு."

பிசியோ பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினாறு மேடம்!" என்றாள் அவள் மறுபடி, காதில் விழவில்லையோ என்று. அவள் கண் பிசியோவின் முகத்தில் இல்லை. கைகளில் இருந்தது. அவை கைதட்ட மேலே எழும் என்று காத்துக்கொண்டிருந்தது.

"டாக்டர் யாரும்... வேண்டாம்னு சொல்லலியா?"

"எக்ஸர்சைஸ் பண்றியான்னு கேட்டாங்க. பண்றேன்னேன். நல்லதுன்னாங்க."

பிசியோ சொன்னாள். நின்ற இடத்திலேயே, ஒளிக்காமல், ஒன்றுவிடாமல். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்ததை, முதுகு மடிந்ததை, தகரம் எதை அளந்தது எதை அளக்கவில்லை என்பதை. எண் ஏறினால் முதுகு தேறுகிறது என்று தான் கைதட்டியதை. "நீட்டாதேம்மா. நாளையிலேந்து வேண்டாம். அது உன்னை ஆற விடல. நான்தான் தப்பாப் பாத்தேன். தப்பு முழுக்க என்னுது."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு ஆட்கள் வந்து தலைவலி மாத்திரை கேட்டார்கள்; எடுத்துக் கொடுத்து, மீதிச் சில்லறையையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் சரியா நீட்டலன்னுதான் இப்படி ஆச்சுன்னு நெனச்சேன்" என்றாள் கடைசியில். "நீங்க அவ்வளவு பாடுபட்டீங்க. நான்தான் எங்கயோ ஏமாத்திட்டேன், அதான் ஒடஞ்சிருச்சு, அந்தக் கோவத்துலதான் மேடம் நம்மளப் பாக்கறதில்லன்னு."

"கோவமா? உன்மேலயா?"

"நீங்க தினமும் எதிர்ச்சாரியிலதானே போவீங்க. கண்ணாடி வழியாப் பாப்பேன். தலையைத் திருப்பவே மாட்டீங்க." அவள் குரலில் சூடு இல்லை. கணக்கு ஒத்துவராத ஒருத்தி திரும்பக் கூட்டிப் பார்க்கிற மாதிரிப் பேசினாள். "பதினாறு வந்துட்டா, ஓடிவந்து உங்களக் கூப்பிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

பிசியோ அழுதாள். கடைத்தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவளால் நிறுத்த முடியவில்லை.

"மூணு வருஷம்" என்றாள் பலகைக்கு அப்பால் நின்றவள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த ரோட்டைத் தாண்டி வந்து, எப்படிம்மா இருக்கன்னு கேட்டிருந்தா, அன்னிக்கே சொல்லியிருப்பேனே மேடம், தினம் நீட்டிக்கிட்டு இருக்கேன்னு."

பிறகு கண்ணாடிப் பலகையின் ஓரத்தைப் பிடித்தபடி, இடது காலை மெதுவாக இழுத்து வைத்து, அடுத்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கப் போனாள்.